பூட்டை யார் தலையில் கட்டுவது

கோல் கம்பங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தால்கூட அந்தப் பந்து அதில் பட்டுத் திரும்பியிருக்கும். அவ்வளவு சோம்பலாக உருண்டு வந்தது. எதிரணிக்காரன் அதை அடிக்கக்கூட இல்லை, ஹாக்கி மட்டையால் லேசாகத் தள்ளிவிட்டான்; தள்ளிவிட்டவனே நம்பிக்கையில்லாமல் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தான். பந்து கோல்கீப்பர் பூட்டின் இடது காலைத் தாண்டி, கம்பத்தை ஒட்டி உள்ளே போய், அடிப்பலகையில் டொக்கென்று முட்டியது. சத்தம் கேட்ட பிறகுதான் பூட்டின் கால் அந்தப் பக்கம் போனது.

பூட்டு என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அவன் நின்றால் கோலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி என்று முன்பு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் இப்போது வேறு மாதிரி கத்தினார்கள். "துருப்பிடிச்ச பூட்டு! பழைய இரும்புக்குப் போடுங்கடா!" தண்ணீர் பாட்டில்கள் வந்து விழுந்தன. பாதி கடித்த ஆப்பிள் ஒன்று அவன் முதுகில் பட்டுச் சிதறியது. முன்வரிசையில் ஒரு அப்பா, தோளில் உட்கார்ந்திருந்த சின்ன மகளுக்கு ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தார். குழந்தை மழலையில் திருப்பிச் சொன்னதும், கணக்கில் முதல் மார்க் வாங்கிவிட்டதைப் போல அக்கம்பக்கத்தைப் பெருமையாகப் பார்த்தார்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருந்த மாஸ்டருக்கு வாயில் எச்சில் கசந்தது. கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் வேலை. முன்பு அவரும் கீப்பராக நின்றவர். விரல்களில் ஒன்றுகூட நேராக இல்லாமல் போனது அந்தக் காலத்துச் சம்பாத்தியம். பூட்டு அவருக்கு அணியில் சீடன், வீட்டில் தங்கையின் கணவன். இரண்டும் ஒரே ஆளாக இருப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று இந்த ஒரு பருவத்தில்தான் அவருக்குப் புரிந்தது. பூட்டைத் திட்டினால் தங்கை முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். திட்டாவிட்டால் அணி முழுவதும் "மாப்பிள்ளைக்கு வக்காலத்து" என்று முணுமுணுக்கும்.

உடை மாற்றும் அறையில் பூட்டுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பெஞ்சில் அவனுக்கு இருபுறமும் தாராளமாக இடம் கிடந்தது. ஆனால் மற்றவர்கள் எதிர்ப்பக்கம் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் காலுறைகளும் வியர்வையில் ஊறிய கால்கவசங்களும் சேர்ந்து, செத்த எலியைச் சாக்கில் கட்டிவைத்தது போல ஒரு நாற்றம். அதுகூட மாஸ்டருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போன பருவத்தில் கோப்பை வாங்கித் தந்தவனுக்கு வலி மருந்து டப்பாவைக்கூட ஒருவன் கையில் கொடுக்காமல், காலால் தள்ளிவிட்டான். அதைத்தான் மாஸ்டருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மாஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று மேனேஜர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

மேனேஜரின் அறையில் அணியின் முதலாளியும் இருந்தார். மெத்தை வியாபாரத்தில் பணம் பண்ணியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மெத்தை முதலாளி. எதைப் பேசினாலும் எதிரே இருப்பதை அமுக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. மேஜை, சோபா, சில சமயம் எதிராளியின் தோள். மேனேஜர் தன்னுடைய விசிட்டிங் கார்டு ஒன்றின் முனையால் பல்லிடுக்கைக் குத்தி, வெளியே வந்ததை வெளிச்சத்தில் ஆராய்ந்துவிட்டு, கார்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார்.

"முடிவு பண்ணிட்டோம்" என்றார் மெத்தை முதலாளி. "பூட்டைத் துறைமுக அணிக்குக் கொடுத்துடறோம். பதிலுக்கு ரயிலை வாங்கறோம்."

ரயில் துறைமுக அணியின் முன்கள ஆட்டக்காரன். கிளம்பிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது என்பதால் அந்தப் பெயர்.

"ரயிலை ஏன் அவங்க விடறாங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அது அவங்க பிரச்சினை. அவங்களுக்குக் கீப்பர் இல்ல, நமக்குக் கோல் அடிக்க ஆள் இல்ல. ஆனா ஒண்ணு" என்று மேனேஜர் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்தார். "அந்தப் பக்கத்து மேனேஜர் என் பேச்சை நம்பமாட்டேங்கறான். 'உங்க மாஸ்டர் சொல்லட்டும், அவர் பொய் பேசமாட்டார்'ங்கறான். நீங்க வந்து, ஃபார்ம்தான் போயிருக்கு, மத்தபடி ஆள் கல்லு மாதிரி இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"மாப்பிள்ளைன்னு பார்க்காதீங்க" என்று மெத்தை முதலாளி மாஸ்டரின் தோளை அமுக்கினார். "அவனுக்கும் இடம் மாறினா நல்லதுதான்."

மாஸ்டருக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது. இந்தக் கூட்டத்தையும் இந்த வாய்களையும் விட்டு எங்கேயாவது போய்த் தொலைந்தால் பையன் மறுபடியும் நிமிர்ந்துவிடுவான். ஆனாலும் இவர்கள் பேசும் விதம், வீட்டில் கெட்டுப்போன மிக்ஸியை யாருக்குத் தள்ளிவிடலாம் என்று யோசிப்பது மாதிரி இருந்தது. "நாளைக்குப் பயிற்சியில அவனைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்துகொண்டார்.

மறுநாள் காலையில் பூட்டை மட்டும் தனியாக மைதானத்துக்கு வரச்சொன்னார். செயற்கைப் புல்லில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பந்துகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அடித்தார். வலது பக்கம் போனதையெல்லாம் பூட்டு பழைய பூட்டாகவே பிடித்தான். நேராக வந்ததை உதைத்துத் தள்ளினான். பூட்டுக்கு என்ன குறைச்சல் என்று மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்ததை இடது கீழ்மூலைக்கு அடித்தார். போய்விட்டது. இன்னொன்று. அதுவும் போனது.

"தூங்கறியா மாப்ள? சோத்தைத் தின்னுட்டு வந்து நின்னா போதுமா?"

பூட்டு காலை அகட்டி நின்றான். அடுத்த பந்துக்கு அவன் தலையை இடப்பக்கமாகச் சாய்த்துத் திருப்பினான். தானியம் பொறுக்கும் கோழி ஒரு கண்ணால் பார்க்குமே, அந்த மாதிரி. மாஸ்டர் மட்டையைத் தாழ்த்திவிட்டார். அந்தத் திருப்பலை அவர் பல ஆட்டங்களில் பார்த்திருக்கிறார். மெதுவாக வரும் பந்தை இளக்காரமாகப் பார்க்கிறான் என்று நினைத்துத் திட்டியும் இருக்கிறார்.

"ஹெல்மெட்டைக் கழட்டு."

"எதுக்கு மச்சான்?"

"கழட்டுன்னா கழட்டு."

கழற்றினான். மாஸ்டர் தண்ணீர் எடுப்பது போல அவன் இடப்பக்கம் போய் நின்று, கையை நீட்டி, அவன் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி விரல்களை விரித்து ஆட்டினார். பூட்டு எதிரே இருந்த கோலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இமைகூட அசையவில்லை. விரலை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்க் கண் ரப்பையைத் தொட்ட பிறகு துள்ளி விலகினான்.

மாஸ்டர் கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டார்.

"எப்போலேர்ந்து?"

"போன வருஷம் அரையிறுதி. பந்து ஹெல்மெட்ல பட்டுச்சே."

மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. பந்து முகக்கம்பியில் அறைந்து, கம்பியே வளைந்துபோன அடி. பூட்டு எழுந்து கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஆடினான். கூட்டம் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டியது. மறுநாள் கண்ணுக்குள் மின்மினி பறந்ததாம். ஒரு வாரத்தில் இடது கண்ணில் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறியதாம். நண்பனின் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வெளியூர் போய் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறான். போன பார்வை போனதுதான், மிச்சம் இருப்பது நூலில் தொங்குகிறது, இன்னொரு அடி விழுந்தால் அதுவும் போய்விடும், விளையாட்டை விட்டுவிடு என்று கண் டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அப்புறமும் வந்து நிக்கறே?"

"வேற என்ன மச்சான் தெரியும் எனக்கு? பந்துக்கு முன்னாடி விழத் தெரியும். அவ்வளவுதான்." பூட்டு ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். "துறைமுகத்துக்குப் போறது நல்லதுக்குத்தான். அங்க யாருக்கும் தெரியாது. ஒண்ணு ரெண்டு வருஷம் ஓட்டிடுவேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்னு மேனேஜர் சொன்னாரு."

அதே ஒரு வார்த்தை. மேனேஜர் வாயிலிருந்து கேட்டபோது வந்த கசப்பு, இவன் வாயிலிருந்து கேட்டபோது இரண்டு மடங்காக வந்தது.

தங்கைக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. மாஸ்டர் நேராக அங்கே போனார். சின்ன அறை, ஒரு நாற்காலி, கைவைக்க ஒரு திண்டு, பஞ்சு, ஸ்பிரிட் வாசனை. நோயாளி ஒருவர் கையை மடக்கிக்கொண்டு வெளியே போனதும் கதவைச் சாத்தினார்.

"உனக்குத் தெரியுமா?"

எதை என்று அவள் கேட்கவில்லை. கையுறையை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "பொண்ணு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாருண்ணா."

"சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! நாளைக்கு அவன் ரெண்டு கண்ணும் போய், நீ கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போவியா?"

"எங்கிட்ட கத்தறியே, உன் கண்ணுக்கு முன்னாடிதானே தினம் நின்னாரு? நீ என்ன பண்ணிட்டிருந்தே?" அவள் குரல் உயர்ந்தது, வெளியே ஆட்கள் இருப்பது ஞாபகம் வந்து தணிந்தது. "ராத்திரி தண்ணி டம்ளரை எடுக்கப் போய் அவர் கை காத்துல தடவும். நான் பார்க்காத மாதிரி படுத்திருப்பேன். பார்த்தேன்னு தெரிஞ்சா அதுக்கும் கோபம். எனக்கும் வெறுத்துப்போச்சு. அவரைப் பார்த்தா பாவமாவும் இருக்கு, நாலு அறை விடலாம்னும் இருக்கு."

அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். அவள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். "மேனேஜர்கிட்ட சொல்லிடு. அவங்களே நிறுத்திடுவாங்க. அவங்களும் மனுஷங்கதானே?"

மாஸ்டரும் அப்படித்தான் நம்பினார். மத்தியானமே மேனேஜரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் காதில் வாங்கிக்கொண்டே எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, நெற்றியைத் தேய்த்தார். பரவாயில்லை, ஆளுக்குள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று மாஸ்டர் நினைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் என் தங்கச்சிக்கும்தான்."

"நல்லவேளை. அப்போ இன்னைக்கே முடிச்சுடணும்" என்று மேனேஜர் போனை எடுத்தார். "முதலாளி, சாயந்திரமே வரச்சொல்லிடலாம். ஆமா, அவசரம்தான். சொல்றேன். இல்ல இல்ல, மாஸ்டர் நம்ம ஆளு."

அந்தப் பக்கமிருந்து முதலாளி ஏதோ சொல்லிச் சிரித்தது போனுக்கு வெளியே கேட்டது. மேனேஜர் போனை வைத்துவிட்டு மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா, பொறுமையா அடுத்த மாசம் பேசிக்கலாம்னு விட்டிருப்போம். அதுக்குள்ள அவன் கண்ணு போய்த் தொலைஞ்சா, யாரு வாங்குவா? பெரிய நஷ்டத்துலேர்ந்து காப்பாத்தினீங்க."

குலுக்கிய கையை மாஸ்டர் கழிவறையில் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய பிறகும் அது தன் கை மாதிரியே இல்லை.

சாயங்காலப் பேச்சு மெத்தைக் கடையின் மாடியில் நடந்தது. நாற்காலிகள் பற்றாமல், விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளின் ஓரத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள். யார் அசைந்தாலும் சரசரவென்று சத்தம். புது ரப்பர் நாற்றம் தொண்டையில் ஒட்டியது. துறைமுக அணியின் மேனேஜர் மெல்லிய குரல்காரர். ஈரக் காகிதத்தால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே பேசினார். நம் மேனேஜர் சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்துப் பணிவாக நீட்டினார். எந்தக் கார்டு என்று மாஸ்டருக்கு மட்டும் தெரியும். துறைமுகத்துக்காரர் அதை வாங்கி, பேச்சுவாக்கில் உதட்டில் தட்டிக்கொண்டார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூட்டு நன்றாகச் சவரம் செய்து, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். எதிர் மெத்தையில் ரயில். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எல்லோருக்கும் காப்பி வந்தபோது அவன் கோப்பையை வாங்க எழ வேண்டியிருந்தது. இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி, இடது காலை நேராக நீட்டியபடியே வைத்துக்கொண்டு, வலது காலால் மட்டும் உந்தி எழுந்தான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. ஆனால் தாடை இறுகித் தளர்ந்தது. காலமெல்லாம் முட்டி தேய்ந்தவர்களோடு புழங்கிய மாஸ்டருக்கு அது போதும். ரயிலின் முட்டி போய்விட்டது. அவர் துறைமுகத்து மேனேஜரைப் பார்த்தார். அந்த ஆள், ரயில் நல்லபடியாக எழுந்து நல்லபடியாக உட்காரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு காப்பியை உறிஞ்சினார்.

அட நாசமாய்ப் போனவர்களே, என்று மாஸ்டர் மனதுக்குள் சொன்னார். நீங்களுமா?

"சரி, மாஸ்டர் வாயால கேட்டுடலாம்" என்றார் துறைமுகத்து மேனேஜர். "பூட்டு எப்படி இருக்காரு?"

மெத்தை முதலாளி பக்கத்தில் இருந்த தலையணையை அமுக்கிக்கொண்டே புன்னகைத்தார். பூட்டு மாஸ்டரைப் பார்த்தான். சரியாகப் பார்ப்பதற்காகத் தலையை அந்தக் கோழித் திருப்பல் திருப்பினான்.

"இடது கண்ணு பாதி தெரியாது" என்றார் மாஸ்டர். "இன்னொரு பந்து பட்டா இருக்கிறதும் போயிடும். இவனைக் கோலுக்கு முன்னாடி நிறுத்தறதும் ஓடற லாரிக்கு முன்னாடி நிறுத்தறதும் ஒண்ணுதான்."

பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் ஒரே சமயத்தில் சரசரத்தன.

"மாஸ்டர் எப்பவும் இப்படித்தான், தமாஷ்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"தம்பி" என்று மாஸ்டர் ரயில் பக்கம் திரும்பினார். "நீ கையை ஊனாம எழுந்திரு, பார்க்கலாம்."

ரயில் தன் மேனேஜரைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

இனி சண்டை வரும், சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், நல்லதாகப் போச்சு என்று மாஸ்டர் காத்திருந்தார். முதலில் சிரித்தது துறைமுகத்து மேனேஜர். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் மெத்தை முதலாளிக்கும் தொற்றிக்கொண்டது. அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பலே ஆளுய்யா நீரு! முட்டி போனவனை எங்க தலையில கட்டப் பார்த்தீரே!"

"நீங்க மட்டும்? கண்ணு போனவனைக் கல்லுன்னீங்க!"

"அப்போ சரிக்குச் சரி."

"சரிக்குச் சரிதான். இதுல என்ன கெட்டுப்போச்சு? ஜனங்களுக்குப் புது மூஞ்சி வேணும். கொஞ்ச நாள் கைதட்டுவாங்க. அப்புறம் நடக்கறது அப்புறம்."

கை குலுக்கிக்கொண்டார்கள். ஏமாற்றினால்கூட அதில் ஒரு பயம் இருக்கும், கூச்சம் இருக்கும். இவர்களுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமான பிறகு மனசு லேசாகிவிட்டது.

"மாப்ள, எழுந்திரு. போலாம்" என்றார்.

"நான் போறேன் மச்சான். துறைமுகத்துக்கு" என்றான் பூட்டு. தலையைத் திருப்பவில்லை. "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கு என்ன? என் சோத்துல மண்ணைப் போடத்தானே வந்தீங்க?"

"உனக்கும் சம்மதமாடா?" என்று மாஸ்டர் ரயிலைக் கேட்டார். அவன் கோப்பையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான்.

மாஸ்டர் படியிறங்கி வந்து, கடைக்குப் பின்னால் நின்ற வண்டியின் மறைவில் குடித்த காப்பியை முழுவதும் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார்.

"லீக் டாக்டரம்மாகிட்ட சொல்லப்போறேன்" என்றார். எந்த அணி வீரனையும் ஆடக்கூடாது என்று நிறுத்தும் அதிகாரம் அந்த அம்மாவுக்குத்தான் இருந்தது. "சொன்னா அவன் கதை முடிஞ்சுது. உங்கிட்ட கேட்காம செய்ய மனசு வரல."

"நீயே சொல்லுண்ணா." அவள் குரல் உடைந்தது. ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது. "நான் சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவாரு. நீ சொன்னா உன்னைத்தான் விடுவாரு. உனக்குத் தாங்கும்."

தாங்குமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பூட்டை வரவழைத்து, இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெளியே வந்ததும், "இந்த மனுஷனை மைதானத்துக்குள்ள விட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே தடை போட்டார். ரயிலையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். துறைமுகத்துக்காரர்கள் அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரமும் காய்ச்சல் என்றார்கள். கடைசியில் வேறு நாட்டு லீக்கில் எவனோ ஒருவன் தலையில் அவனைக் கட்டிவிட்டதாகச் செய்தி வந்தது.

இனித்தான் பெரிய கூத்து. தடை வந்த மறுநாளே மேனேஜர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "எங்க வீரரோட உடம்புதான் எங்களுக்கு முக்கியம். சந்தேகம் வந்ததும் நாங்களே டாக்டர்கிட்ட அனுப்பினோம்" என்று தொண்டை கரகரக்கச் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பூட்டுக்குப் பிரிவுபசாரம் வைத்தார்கள். ரிப்பன் கட்டிய மெத்தை ஒன்றை ஆட்கள் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்கள், பாடை தூக்குவது மாதிரி. மெத்தை முதலாளி பூட்டைக் கட்டிப்பிடித்துக் கேமராவுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆப்பிளை விட்டெறிந்த கூட்டம் எழுந்து நின்று, "பூட்டு! பூட்டு!" என்று அழுதது. காலால் மருந்து டப்பாவைத் தள்ளியவன் எல்லோருக்கும் முன்னால் போய் அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தான்.

பூட்டு மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி" என்றான். திரும்பி வரும்போது மாஸ்டரைக் கடந்து போனான். நிற்காமல், தணிந்த குரலில், "இப்போ குளிர்ந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மாஸ்டரை மேனேஜர் அந்த வாரமே வெளியே அனுப்பினார். "உங்களை நம்பி ஒரு விஷயம் பேச முடியாது மாஸ்டர்" என்றார். இவ்வளவு நாளில் அந்த வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். பெண்கள் கல்லூரி ஒன்றின் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தார். அங்கே மைதானத்தில் பாதி கட்டாந்தரை. ஆனால் காலையில் எழுந்து போகும்போது வயிறு பிரட்டவில்லை.

தங்கை அவ்வப்போது போனில் பேசுவாள். பூட்டு வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்பாள். பரிசு மெத்தையில் அதற்குள் நடுவில் குழி விழுந்துவிட்டது என்பாள். ஒருநாள், பள்ளிக்கூட மைதானத்துச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார் என்றாள். இன்னொரு நாள், விளையாட்டுச் சாமான் கடையில் கால்கவசம் தைத்துச் சரிபண்ணும் வேலைக்குப் போகிறார், கிட்டப் பிடித்துப் பார்க்கும் வேலை என்பதால் கண் பிரச்சினை இல்லை என்றாள். "என்னைப் பத்தி?" என்று மாஸ்டர் கேட்டார். "பேரை எடுத்தாலே எழுந்து போயிடறாருண்ணா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மாஸ்டர் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தங்கை ஓட்டிவந்தாள். நடுவில் பெண் குழந்தை, பின்னால் பூட்டு. குழந்தை இறங்கி, "மாமா!" என்று உள்ளே ஓடியது. பூட்டு ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றான்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்று தங்கையிடம் சொன்னான், மாஸ்டர் எதிரிலேயே நிற்கும்போது. "சமாதானம் பேசவெல்லாம் நான் வரல."

"நீங்களே சொல்லுங்க. நான் என்ன தபால்காரியா?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். பூட்டு கொஞ்சம் இளைத்திருந்தான். விரல் நுனிகளில் தையல் ஊசி குத்திய புள்ளிகள்.

"உங்களைப் பார்த்தாலே இன்னும் பத்திக்கிட்டுதான் வருது மச்சான்."

"எனக்கும்தான் வருது. உன்னைப் பார்த்தா, அவனுங்களைப் பார்த்தா, டிவியில ஹாக்கியைப் பார்த்தா."

"அந்த மெத்தைக்காரன் மூஞ்சியில ஒரு தடவையாவது துப்பியிருக்கணும். கட்டிப்பிடிச்சான், நானும் கட்டிப்பிடிச்சுட்டு நின்னேன். அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

"நான் துப்பினேன். வாந்தியாவே எடுத்தேன். ஆனா அவன் வண்டிக்குப் பின்னாடி. அவனுக்குத் தெரியாது."

பூட்டு சிரிக்கவில்லை. ஆனால் மாஸ்டரைப் பார்த்தான், நன்றாகத் திரும்பி நின்று, நல்ல கண்ணால். உள்ளேயிருந்து தங்கை, தட்டு வைத்தாயிற்று, இரண்டு பேரும் வருகிறீர்களா அல்லது தெருவிலேயே நின்று ஊரைக் கூட்டப்போகிறீர்களா என்று கத்தினாள்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றார் மாஸ்டர்.

"சாப்பிடத்தான் வந்தேன்" என்று பூட்டு செருப்பைக் கழற்றினான். "பேச வரல."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்துத் தங்கையே பேசிக்கொண்டிருந்தாள்.